கெடு முடிந்த கட்டடத்தில் மூன்றாவது ஆள்

டெல்லி கன்னாட் சர்க்கஸ் பகுதியில் ஒரு கட்டடம் 1944-ல் வாடகைக்கு விடப்பட்டது. மாத வாடகை 371 ரூபாய் 90 காசு. நாடு விடுதலை பெற்றது. அந்த வட்டாரம் நாட்டின் விலை உயர்ந்த வணிகப் பகுதிகளில் ஒன்றாக வளர்ந்தது. வாடகை மட்டும் அசையவில்லை. 1992-ல் உரிமையாளரான ஆத்மா ராம் பிராப்பர்ட்டீஸ் நிறுவனம் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் போனது. வாடகைக்கு எடுத்த ஃபெடரல் மோட்டார்ஸ், அனுமதி இல்லாமல் இடத்தை வேறொரு நிறுவனத்துக்கு உள்வாடகைக்கு விட்டுவிட்டது, அங்கே இப்போது ஷோரூம் நடத்துவது அந்த மூன்றாவது நிறுவனம்தான் என்பது புகார்.

காலி செய்யும் உத்தரவு 2001 மார்ச்சில்தான் வந்தது. வாடகைக்காரர் மேல்முறையீடு செய்தார். தீர்ப்பாயம் உத்தரவை நிறுத்தி வைத்து, பழைய வாடகையோடு மாதம் 15,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. டெல்லி உயர் நீதிமன்றம் அந்த நிபந்தனையை ரத்து செய்தது. 2004 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் திரும்ப நிலைநிறுத்தியது. காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்த நாளோடு பழைய வாடகையின் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. அதன் பிறகும் உள்ளே இருப்பவர், அந்த இடத்தை உரிமையாளர் வேறொருவருக்கு விட்டிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அந்த அளவுக்கு ஈடு தர வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

வாடகை வழக்கு என்றால் உரிமையாளர், வாடகைக்காரர் என்று இரண்டு பேரைத்தான் நாம் நினைக்கிறோம். கட்டடத்துக்குள் உண்மையில் இருப்பவர் பல வழக்குகளில் இந்த இருவருமே இல்லை. வாடகைக்கு எடுத்தவரிடமிருந்து எடுத்த உள்வாடகைக்காரர் அவர். உரிமையாளருக்கும் வாடகைக்காரருக்கும் இடையிலான ஒப்பந்தம் என்றைக்கு முடிகிறது என்பதுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. மாதா மாதம் தவறாமல் பணம் கட்டியிருப்பார். ஒரு நாள் வக்கீல் நோட்டீஸ் வரும்போதுதான், தான் குடியிருக்கும் வீட்டுக்கு வேறொரு சொந்தக்காரர் இருக்கிறார் என்பதே அவருக்குத் தெரியும்.

கெடு முடிந்த மறுநாள்

வாடகை, குத்தகை பற்றிய அடிப்படை விதிகள் 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தில் இருக்கின்றன. குத்தகைக் காலம் குறிக்கப்பட்டிருந்தால், அந்தக் காலம் கழிந்ததும் குத்தகை தானாகவே முடிந்துவிடுகிறது என்கிறது 111-வது பிரிவு. முடிந்ததும் இடத்தை உரிமையாளர் வசம் ஒப்படைப்பது வாடகைக்காரரின் கடமை என்று 108-வது பிரிவு சொல்கிறது. சாவியை மட்டும் கொடுத்துவிட்டு, உள்ளே இன்னொருவரை விட்டுப் போனால் ஒப்படைத்ததாக ஆகாது. தான் குடிவைத்த ஆளையும் வெளியேற்றி இடத்தைத் தருவதும் அந்தக் கடமைக்குள் அடங்கும்.

பலரும் அறியாத இன்னொரு செய்தியும் இதே 108-வது பிரிவில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் தடை இல்லாவிட்டால், வாடகைக்காரர் இடத்தை உள்வாடகைக்கு விடலாம் என்று அது அனுமதிக்கிறது. ஆகவே உள்வாடகை என்பது எப்போதும் சட்டவிரோதம் அன்று. ஆனால் நகரங்களில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் பொருந்தும் மாநில வாடகைச் சட்டங்கள் இந்தச் சலுகையைப் பெரும்பாலும் பறித்துவிட்டன. அச்சடித்து விற்கும் வாடகை ஒப்பந்தப் படிவங்களிலும் ‘உள்வாடகைக்கு விடக் கூடாது’ என்ற வரி தவறாமல் இருக்கிறது.

அனுமதியோடு வந்தவரானாலும் சரி, அனுமதி இல்லாமல் வந்தவரானாலும் சரி, உள்வாடகைக்காரரின் உரிமை முதல் வாடகைக்காரரின் உரிமையிலிருந்து கிளைத்தது. முதல் வாடகைக்காரருக்கு மார்ச் 31 வரைதான் உரிமை என்றால், அவரால் ஏப்ரல் 1-ஐ யாருக்கும் தர முடியாது. உள்வாடகை ஒப்பந்தத்தில் டிசம்பர் வரை என்று எழுதியிருந்தாலும் அது உரிமையாளரைக் கட்டுப்படுத்தாது.

இதில் ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு. முறையாக உள்வாடகைக்கு விட்ட பிறகு, கெடு முடிவதற்கு முன்பே வாடகைக்காரர் தானாக முன்வந்து உரிமையாளரிடம் இடத்தைச் சரண் செய்துவிட்டால், அதனால் உள்வாடகைக்காரரின் உரிமை கெடாது என்கிறது 115-வது பிரிவு. உரிமையாளரும் வாடகைக்காரரும் பேசிவைத்துக்கொண்டு மூன்றாவது ஆளைத் தெருவில் நிறுத்திவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. நிபந்தனையை மீறியதால் குத்தகை பறிக்கப்பட்டால் அந்தப் பாதுகாப்பு பொதுவாகக் கிடைக்காது. காலம் முடிந்து குத்தகை போனால் கேள்விக்கே இடமில்லை, இரண்டும் சேர்ந்தே முடிகின்றன.

“என்னை ஏன் கேட்கவில்லை?”

உரிமையாளர் வாடகைக்காரர் மேல் வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்குகிறார். உள்ளே இருக்கும் உள்வாடகைக்காரருக்கு நோட்டீஸ்கூட வரவில்லை. நீதிமன்ற அமீனா வாரண்டோடு கதவைத் தட்டும்போது அவர் கேட்கும் முதல் கேள்வி இது.

நியாயமான கேள்விதான். ஆனால் நீதிமன்றங்கள் இதற்கு நெடுங்காலமாக ஒரே விடையைத் தந்துவருகின்றன. பம்பாயிலிருந்து வந்த தாராபூர்வாலா வழக்கில் 1950-களின் தொடக்கத்திலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தொட்டது. உள்வாடகைக்காரரை வழக்கில் சேர்ப்பது முறையானது. ஆனால் அவர் இல்லாமல் வழக்கே நடக்காது என்று சொல்ல முடியாது. 2004-ல் பல்வந்த் விஸ்வமித்ரா வழக்கிலும் இதே நிலைதான் உறுதியானது.

கல்கத்தாவிலிருந்து வந்த ரூப்சந்த் குப்தா வழக்கு இன்னும் கூர்மையானது. உரிமையாளர் வாடகைக்காரர் மேல் மட்டும் வழக்குப் போட்டார். வாடகைக்காரர் எதிர்த்து வாதாடவே இல்லை. தீர்ப்பு உரிமையாளருக்குச் சாதகமாக வந்தது. இது இருவரும் சேர்ந்து செய்த சதி என்று உள்வாடகைக்காரர் நீதிமன்றம் ஏறினார். உரிமையாளரின் கோரிக்கை நியாயமானதாக இருந்து, வாடகைக்காரருக்கு எடுத்து வைக்க எந்த வாதமும் இல்லாதபோது, அவர் சும்மா இருந்ததாலேயே அது கூட்டுச்சதி ஆகிவிடாது என்று 1964-ல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது.

உள்வாடகைக்காரருக்குச் சட்டமே தனி இடம் கொடுத்த ஊர்களும் உண்டு. மும்பையில் 1947-ம் ஆண்டுச் சட்டம் உள்வாடகையைத் தடை செய்தது. தடையையும் மீறி வீட்டுப் பஞ்சம் பிடித்த அந்த நகரத்தில் ஏராளமானோர் உள்வாடகையில் குடியிருந்தார்கள். அவர்களை ஒரே நாளில் வெளியேற்ற முடியாது என்று கண்ட அரசு, 1959 மே 21-ம் தேதிக்கு முன் குடிவந்தவர்களின் உள்வாடகையைச் செல்லும்படி ஆக்கியது. டெல்லியில் 1958-ம் ஆண்டுச் சட்டப்படி, உரிமையாளரின் எழுத்துபூர்வமான ஒப்புதலோடு உள்வாடகைக்கு வந்து, ஒரு மாதத்துக்குள் முறைப்படி அறிவிப்பும் கொடுத்திருந்தால், முதல் வாடகைக்காரரை வெளியேற்றும்போது உள்வாடகைக்காரர் நேரடி வாடகைக்காரராகிவிடுவார். டெல்லி விதி ஒப்புதல், அறிவிப்பு என்ற இரண்டு தாள்களைக் கேட்கிறது. அந்தத் தாள்கள் இல்லாததால்தான் பெரும்பாலானோர் தோற்கிறார்கள்.

பணம் வாங்கினால் என்ன ஆகும்?

கெடு முடிந்த பிறகும் உள்ளே இருப்பவரின் நிலை இரண்டு வகைப்படும். உரிமையாளர் சம்மதித்தால் ஒன்று, சம்மதிக்காவிட்டால் இன்னொன்று.

சொத்து மாற்றச் சட்டத்தின் 116-வது பிரிவு, கெடு முடிந்த பிறகும் வாடகைக்காரரோ உள்வாடகைக்காரரோ தொடர்ந்து இருந்து, உரிமையாளர் வாடகையை வாங்கிக்கொண்டாலோ வேறு விதத்தில் இசைந்தாலோ, வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில் குத்தகை புதுப்பிக்கப்பட்டதாக ஆகும் என்கிறது. வீட்டுக்கும் கடைக்கும் அது மாதத்துக்கு மாதம் தொடரும் வாடகையாகிவிடும். பிறகு காலி செய்ய வைக்க வேண்டும் என்றால் 15 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். இந்தப் பிரிவு உள்வாடகைக்காரரைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

உச்ச நீதிமன்றத்துக்கு முன்னோடியான ஃபெடரல் கோர்ட், 1949-ல் பம்பாய் வழக்கொன்றில் இதை விளக்கியது. இப்படித் தொடர்வது சட்டத்தின் பார்வையில் ஒரு புதிய வாடகை; புதிய வாடகை பிறக்க இரு தரப்பின் சம்மதமும் வேண்டும். ஒருவர் வெளியேறாமல் உட்கார்ந்திருப்பதால் மட்டும் அது பிறந்துவிடாது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பால் வெளியேற்ற முடியாத நிலையில் உரிமையாளர் வாங்கிய பணத்தைச் சம்மதமாகக் கொள்ள முடியாது என்று பின்னர் பவான்ஜி லக்கம்ஷி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சண்டை நடக்கும் காலத்தில் உள்வாடகைக்காரர் நேராக உரிமையாளரின் கணக்குக்கே ஜிபேயில் பணம் அனுப்பிவிடுவார். பணம் விழுந்துவிடும். உரிமையாளர் பேசாமல் இருந்தால், ‘வாடகை வாங்கிக்கொண்டார், ஆகவே நான் இப்போது நேரடி வாடகைக்காரர்’ என்ற வாதம் நீதிமன்றத்தில் எழும். இடத்தைத் திரும்பப் பெற நினைக்கும் உரிமையாளர், அப்படி வரும் பணத்தை உடனே திருப்பி அனுப்ப வேண்டும். அல்லது இது வாடகை அன்று, இடத்தை அனுபவிப்பதற்கான ஈடு மட்டுமே, தன் உரிமைகளை விட்டுக்கொடுக்காமல்தான் வாங்குகிறேன் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் என்ன சட்டம்?

அரை நூற்றாண்டுக்கும் மேலாக இங்கே நடைமுறையில் இருந்தது 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாத உள்வாடகை, அந்தச் சட்டத்திலேயே வெளியேற்றக் காரணமாக இருந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் அதன் இடத்தில் 2017-ம் ஆண்டின் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் அது.

புதிய சட்டம் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. ஓராண்டைத் தாண்டும் குத்தகையை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால் எல்லோரும் 11 மாத ஒப்பந்தம் போட்டுக்கொள்வது பழைய வழக்கம். அந்த 11 மாத ஒப்பந்தத்துக்கும் புதிய சட்டத்தின் பதிவு வேண்டும்.

குறித்த காலம் முடிந்து, புதுப்பிக்காமலும் காலி செய்யாமலும் இருந்தால், பழைய நிபந்தனைகளிலேயே மாதத்துக்கு மாதம் வாடகை தொடர்வதாகக் கொள்ளப்படும்; அதுவும் அதிகபட்சம் ஆறு மாதம் வரைதான். அதற்கு மேலும் காலி செய்யாதவரிடம், வழக்கமான வாடகையைவிடக் கூடுதலான தொகையை இழப்பீடாகக் கேட்கும் உரிமை உரிமையாளருக்கு உண்டு. எழுத்துபூர்வமான முன் ஒப்புதல் இல்லாமல் வீட்டையோ அதன் ஒரு பகுதியையோ இன்னொருவர் வசம் விடுவது, காலி செய்ய வைப்பதற்கான காரணங்களில் ஒன்று. வழக்கு வாடகை நீதிமன்றத்துக்குப் போகும். அதன் மேல் வாடகைத் தீர்ப்பாயம் இருக்கிறது.

மத்திய அமைச்சரவை 2021 ஜூன் 2 அன்று ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம், மாநிலங்கள் பின்பற்றுவதற்கான வரைவு. கெடு முடிந்தும் வெளியேறாதவர் முதல் இரண்டு மாதங்களுக்கு இரண்டு மடங்கு வாடகையும், அதன் பிறகு நான்கு மடங்கும் தர வேண்டும் என்று அது சொல்கிறது. உள்வாடகைக்கு விட வேண்டுமானால், இருக்கிற ஒப்பந்தத்தோடு ஒரு துணை ஒப்பந்தம் போட வேண்டும் என்பதும் அதில் உண்டு.

சென்னையில் நடக்கும் லீஸ் மோசடி

இந்தச் சட்டங்களின் முழு பாரமும் விழுவது சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களின் நடுத்தரக் குடும்பங்களின் மேல். மாத வாடகை இல்லாமல், ஒரு பெரும் தொகையைக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று ஆண்டு குடியிருந்து, போகும்போது தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைச் சென்னைக்காரர்கள் லீஸ் என்கிறார்கள். மற்ற ஊர்களில் ஒத்தி, போக்கியம் என்பார்கள். மாத வாடகைச் சுமை இல்லை, கொடுத்த பணமும் திரும்பக் கிடைக்கும் என்பதால் பலர் நகையை அடகு வைத்தும் ஊர் நிலத்தை விற்றும் இந்தத் தொகையைத் திரட்டுகிறார்கள்.

மோசடி இப்படி நடக்கிறது. இடைத்தரகர் ஒருவரோ ஒரு நிறுவனமோ வீட்டு உரிமையாளரிடம் மாத வாடகைக்கு வீட்டை எடுக்கிறது. பராமரிப்பையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று உறுதி தருகிறது. வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்களும் வயதானவர்களும் நிம்மதியாகச் சம்மதிக்கிறார்கள். பிறகு அதே வீட்டைச் சில லட்சங்களுக்கு இன்னொரு குடும்பத்துக்கு லீஸுக்கு விடுகிறார்கள். லட்சங்கள் தரகரின் கையில், மாதம் சில ஆயிரங்கள் உரிமையாளரின் கணக்கில். சில மாதங்கள் ஒழுங்காக நடக்கும். ஒரு நாள் வாடகை நின்றுபோகும். தரகரின் அலுவலகம் பூட்டியிருக்கும். உரிமையாளர் வந்து பார்த்தால், தன் வீட்டில் முன்பின் தெரியாத குடும்பம். ‘வாடகை எங்கே?’ என்கிறார் அவர். ‘நாங்கள்தான் பத்து லட்சம் கொடுத்திருக்கிறோமே’ என்கிறார்கள் இவர்கள். இரு தரப்பும் சொல்வது உண்மை.

சட்டம் இங்கே இரக்கம் காட்ட வழியில்லாமல் நிற்கிறது. போக்கியம் என்பது சட்டப்படி சுவாதீன அடமானம். வீட்டை அடமானம் வைக்கும் உரிமை சொந்தக்காரருக்குத்தான் உண்டு. மாத வாடகைக்காரருக்குக் கிடையாது. தவிர, 100 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கான இத்தகைய அடமானம் பதிவு செய்த பத்திரத்தின் மூலமே செல்லும். இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம், உரிமையாளருக்கு எதிராகக் குடியிருப்பவருக்கு எந்தப் பலத்தையும் தராது. பணத்தைத் தரகரிடம்தான் கேட்க வேண்டும். காவல் துறையில் மோசடிப் புகார் கொடுக்கலாம், உரிமையியல் நீதிமன்றத்தில் பண வழக்குத் தொடரலாம். பணம் வரும்வரை குடும்பம் எங்கே இருப்பது என்ற கேள்விக்கு மட்டும் எந்தப் பிரிவிலும் விடை இல்லை.

கோயில் கடையும் பெட்ரோல் பங்க்கும்

தனியார் வீடுகளை விட்டு வெளியே வந்தால் விதிகள் இன்னும் கடுமையாகின்றன. அறநிலையத் துறைச் சட்டத்தின் 78-வது பிரிவு, குத்தகைக் காலம் முடிந்த பிறகும் கோயில் சொத்தில் தொடர்பவரை ஆக்கிரமிப்பாளர் என்றே கணக்கில் எடுக்கிறது. உரிய அதிகாரியின் ஒப்புதல் இல்லாமல் அனுபவிப்பவரும் அதே பட்டியலில்தான். ஆகவே கோயில் கடையைத் தாத்தா காலத்துக் குத்தகைக்காரர் பெயரில் வைத்துக்கொண்டு, அவர் வாரிசிடம் ‘குட்வில்’ கொடுத்து உள்வாடகைக்கு எடுத்து வியாபாரம் செய்பவர், எத்தனை வருடம் அங்கே இருந்தாலும் கோயிலைப் பொறுத்தவரை உரிமையற்றவர். அரசுக் கட்டடங்களுக்கு 1975-ம் ஆண்டின் தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் சட்டமும், மத்திய அரசு நிறுவனங்களின் இடங்களுக்கு 1971-ம் ஆண்டின் மத்தியச் சட்டமும் விரைவான வெளியேற்ற வழியைத் தருகின்றன.

பெரிய நிறுவனங்களும் இதில் தப்பவில்லை. 1921-ம் ஆண்டிலிருந்து சென்னையில் நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது. அடுத்தவர் மனையை வாடகைக்கு எடுத்துக் கட்டடம் கட்டியவர், வெளியேற்றும் வழக்கு வரும்போது அந்த மனையை விலைக்குக் கேட்கலாம் என்பது அதன் சிறப்பு. குத்தகை முடிந்த பெட்ரோல் பங்க் மனை ஒன்றில் பாரத் பெட்ரோலியம் இந்த உரிமையைக் கோரியது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன அந்த வழக்கில் 2021 நவம்பரில் தீர்ப்பு வந்தது. மனையில் நேரடியாக இருப்பவருக்குத்தான் இந்தப் பாதுகாப்பு. டீலரை வைத்துப் பங்க் நடத்தும் நிறுவனம் நேரடி அனுபவத்தில் இருப்பதாகச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

பங்குதாரரா, உள்வாடகைக்காரரா?

உள்வாடகை பெரும்பாலும் ரகசியமாகவே நடக்கிறது. ரசீது இருக்காது. கேட்டால், ‘இவர் என் பங்குதாரர்’, ‘மேனேஜர்’, ‘மச்சான்’ என்று பதில் வரும். 1998-ல் பாரத் சேல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த நடைமுறையை ஒப்புக்கொண்டது. இருவருக்கிடையே மறைவாகக் கைமாறிய பணத்துக்கு உரிமையாளர் நேரடிச் சாட்சி கொண்டுவர முடியாது; சூழ்நிலையை வைத்து நீதிமன்றம் முடிவுக்கு வரலாம் என்றது. கோவாவிலிருந்து வந்த செலினா கொயலோ வழக்கில் 2009-ல் விதிகள் தொகுத்துச் சொல்லப்பட்டன. வாடகைக்காரர் தன் பிடியை முழுவதுமாக விட்டுவிட்டார், வேறொருவர் தனி அனுபவத்தில் இருக்கிறார் என்று உரிமையாளர் காட்டினால், அது உள்வாடகை இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு எதிர்த்தரப்புக்கு மாறும். உண்மையான கூட்டு வியாபாரம் உள்வாடகை ஆகாது. போலிக் கூட்டு உள்வாடகையே.

பத்திரத்தின் தலைப்பை மாற்றினாலும் பயனில்லை. டெல்லி இம்பீரியல் ஹோட்டலில் அறைகளை முடிதிருத்தும் நிலையத்துக்குக் கொடுத்தபோது, அந்தப் பத்திரத்துக்கு ‘லைசன்ஸ்’ என்று பெயரிட்டார்கள். தனி அனுபவ உரிமை கைமாறியிருந்ததால் அது லைசன்ஸ் அன்று, குத்தகையே என்று 1959-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜி.எஸ்.டி. பதிவு யார் பெயரில், பெயர்ப் பலகையில் யார் பெயர், மின்கட்டணம் யார் கணக்கிலிருந்து போகிறது, கல்லாவில் உட்காருபவர் யார் என்பவைதான் இன்றைய வழக்குகளில் சாட்சிகள்.

உரிமையாளருக்கு எல்லாம் தெரியும், பல வருடம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார் என்ற வாதமும் பெரும்பாலும் எடுபடுவதில்லை. எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும் என்று சட்டம் சொல்லும் இடத்தில், மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ள முடியாது என்று 1987-ல் ஷாலிமார் தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது.

பூட்டை உடைக்கலாமா?

கூடாது. இவ்வளவு பலவீனமான உரிமை உள்ளவரையும் அடியாளை வைத்துத் தூக்கி எறியச் சட்டம் விடுவதில்லை. உரிமையே இல்லாதவர் என்று வைத்துக்கொண்டாலும், நிலைத்த அனுபவத்தில் இருப்பவரைச் சட்ட வழியில்தான் வெளியேற்ற வேண்டும் என்பதை 1989-ல் கிருஷ்ண ராம் மஹாலே வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொன்னது. சாமான்களைத் தெருவில் வைத்துக் கதவைப் பூட்டிவிட்டால், பாதிக்கப்பட்டவர் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 6-வது பிரிவின்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு அனுபவத்தைத் திரும்பப் பெறலாம். அந்த வழக்கில் வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே எழாது. தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்துவதைத் தமிழ்நாட்டின் புதிய சட்டம் தடை செய்கிறது.

உரிமையாளரின் வேதனையும் சிறிதன்று. ஓய்வுபெற்ற பிறகு அந்த வாடகையை நம்பி வாழ்பவர், மகளின் திருமணத்துக்கு வீட்டை விற்க நினைப்பவர், சொந்த வீடு இருந்தும் வாடகை வீட்டில் கிடப்பவர் எல்லாரும் இந்த வரிசையில் இருக்கிறார்கள். தீர்ப்பு வந்ததோடு முடிவதில்லை. நிறைவேற்று மனு போட வேண்டும். அமீனா போகும்போது உள்வாடகைக்காரர் தடுத்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-வது ஆணைப்படி அந்த ஆட்சேபத்தை அதே நீதிமன்றம் விசாரித்து முடிவு செய்ய வேண்டும். ஒருவர் ஆட்சேபம் தள்ளுபடியானால், உறவினர் ஒருவர் புதிய மனுவோடு வருவார். இந்த இழுத்தடிப்பைக் கண்டு, நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021 ஏப்ரலில் ராகுல் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் கீழ்நீதிமன்றங்களுக்கு உத்தரவிட்டது.

செய்ய வேண்டியவை

உரிமையாளர்கள் வீட்டை விட்ட பிறகு மறந்துவிடக் கூடாது. ஒப்பந்தத்தில் முடியும் தேதி, உள்வாடகை பற்றிய நிபந்தனை, உள்ளே குடியிருக்கப் போகிறவர்களின் பெயர் மூன்றும் இருக்கட்டும். கெடு முடிவதற்கு முன்பே, புதுப்பிக்கிறீர்களா இல்லையா என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். வழக்குப் போட வேண்டி வந்தால், சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் உள்ளே இருப்பவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுங்கள். நிறைவேற்றும் நேரத்தில் ஒரு தடை குறையும். உள்ளே இருப்பவர் ஏமாந்த குடும்பம் என்று தெரிந்தால், மாற்று வீடு தேட அவகாசம் கொடுத்து, அந்தத் தேதியை எழுதி வாங்கி நீதிமன்றத்தில் சமரசமாகப் பதிவு செய்வது இருவருக்குமே வழக்கைவிட விரைவான வழி.

வாடகைக்காரர்கள், ஊர் மாறிப் போகும்போது நண்பரைக் குடிவைத்துவிட்டுப் போகும் பழக்கத்தை விட வேண்டும். கெடு முடிந்து அவர் காலி செய்யாவிட்டால், இழப்பீட்டுக்குப் பொறுப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவருடையது.

அரசு செய்ய வேண்டியதும் இருக்கிறது. எல்லா வாடகை ஒப்பந்தங்களும் பதிவாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஒரு வீட்டை யார், எதுவரை எடுத்திருக்கிறார்கள், அவர்களுக்கு உள்வாடகை உரிமை உண்டா என்பதை, லட்சங்களைக் கொடுக்கப்போகும் ஒருவர் எளிதாகச் சரிபார்க்கும் ஏற்பாடு அந்தப் பதிவோடு சேர்ந்து வர வேண்டும். நிலத்துக்கு வில்லங்கச் சான்று பார்ப்பதுபோல வாடகைக்கும் பார்க்க முடிந்தால், இடைத்தரகரின் தொழில் பாதி படுத்துவிடும்.

வீடு தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டைக் காட்டுபவரிடம் மூன்றைக் கேளுங்கள்: சொந்தக்காரரின் பெயரில் உள்ள சொத்து வரி ரசீது, காட்டுபவருக்கும் சொந்தக்காரருக்கும் இடையிலான அசல் ஒப்பந்தம், உள்வாடகைக்கு விடலாம் என்று சொந்தக்காரர் எழுதிக் கொடுத்த கடிதம். சொந்தக்காரரிடம் நேராகப் பேசுங்கள், அவர் கையெழுத்தும் உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கட்டும், பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். கேட்ட மூன்று தாள்களில் ஒன்றைக் காட்டத் தயங்கினாலும் அட்வான்ஸ் கொடுக்காமல் வேறு வீடு பாருங்கள்.